பின்சுவருக்கு இடது மடைதான்

பங்குனி இரண்டாவது வாரம், முந்திரித் தோப்பில் சருகு கூட்டும்போது இடது தாடையில் வலி வந்தது. பல்வலி என்று நினைத்தேன். சற்று நின்றதும் போயிற்று. வேலையைத் தொடர்ந்ததும் திரும்பியது. உங்களுக்கும் அப்படி வந்தால் பல்லோடு நிறுத்திவிடாதீர்கள், நெஞ்சையும் காட்டுங்கள்.

தஞ்சாவூரில் ஆஞ்சியோகிராம் (இதயக் குழாய்களில் மருந்து செலுத்தி எடுக்கும் படம்) எடுத்தார்கள். அறுவை மருத்துவர் திரையைக் காட்டினார். இதயத்தின் பின்சுவருக்குப் பெரும்பாலோருக்கு வலது தமனி ரத்தம் கொடுக்கும், சிலருக்கு இடது, சிலருக்கு இரண்டும். மூன்றும் இயல்பானவையே. எந்த வகை என்று தெரிந்தால்தான் அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழியை (பைபாஸ்) எங்கே தைப்பது என்று முடிவுசெய்ய முடியுமாம்.

"நீங்க இடது வகை. அடைப்பும் இடதுலதான். அது மூடிட்டா பின்சுவருக்கு வேற வழி கிடையாது. தள்ளிப்போடாதீங்க."

கூட வந்த அண்ணன் கேட்டார்: "வலது சுத்தமா இருக்குங்களா?"

"இருக்கு. ஆனா சின்னது, அங்க வரைக்கும் போகாது."

அண்ணன் பதிலில் பாதியை மட்டும் ஊருக்குக் கொண்டுவந்தார். எங்கள் கண்மாயில் ஒரு மடை அடைத்துக்கொண்டால் அடுத்த மடையைத் திறந்து பயிரைக் காப்பாற்றிவிடுவோம். "வலது மடை சுத்தமா இருக்குல்ல, தாங்கும்டா."

"அந்தத் தண்ணி இந்த வயலுக்கு ஏறாதுண்ணே" என்றேன். காதில் விழவில்லை.

அவர் கேட்காததற்குக் காரணம் வேறு. சித்திரையில் அறுவைக்கு நாள் குறித்த வாரத்தில்தான் ஊரில் அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். திருவிழா முடியும்வரை யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. விரதக்காரர்கள் ரத்தம் சிந்தக் கூடாது. மருத்துவமனையோ ரத்தம் கொடுக்க ஆள் கேட்டிருந்தது. பங்காளிகளைத் திரட்ட வேண்டிய அண்ணனே தடுத்தார். "எட்டு நாள்ல என்னடா ஆயிரப்போகுது? இந்த வருசம் சாமிக்கு மண்டகப்படிச் செலவு நம்மளுது."

பங்காளிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி செல்வி கேட்டாள்: "ரத்தம் ஆகாதாக்கும். கடைசி நாளு கெடா வெட்டுனா எளநியா மாமா வரும்?"

"ஒன் வாய்க்குப் பயந்துதாம்மா இவனுக்கு நெஞ்சே அடைச்சிருக்கு" என்று அண்ணன் சிரித்தார். பங்காளிகளும் சிரித்தார்கள்.

கிடா வெட்டு அன்று, பந்தியில் இலை போடும் நேரம், தாடை வலித்தது. நின்றேன். இம்முறை போகவில்லை.

மாரடைப்பில் உயிர் மிஞ்சியது. ஆடியில் அறுவை நடந்தது. ரத்தம் கொடுக்கப் பங்காளிகள் வேன் நிறைய வந்தார்கள். முதலில் திட்டமிட்ட மாற்றுவழிகளில் பின்சுவருக்கு உரியதை மருத்துவர் விட்டுவிட்டார். "அங்க தசை தழும்பாயிருச்சு. இனிமே ரத்தம் கொண்டுபோயும் பிரயோசனமில்ல."

அண்ணன் என் நெற்றியில் திருநீறு பூசி, "ஆத்தா காப்பாத்திட்டா" என்றார். மறுத்துச் சொல்ல மூச்சு போதவில்லை.

தோப்பு வேலை போக, கொடும்பாளூர்க் கோயில் கல்வெட்டுகளைப் படித்துக் காலம் கணித்துத் திரிந்தவன் நான். இப்போது பேருந்துப் படி ஏறுமுன் நின்று மூச்சுச் சேர்க்கிறேன்.

இந்தச் சித்திரையிலும் காப்புக் கட்டினார்கள். அண்ணன் மஞ்சள் கயிற்றை நீட்டினார். நான் கையை நீட்டவில்லை.

"எட்டு நாளுதானடா" என்றார்.

அவருக்கு அது நாள் கணக்கு. எனக்கு அது ஓர் இடம். என் நெஞ்சுக்குள் தரிசாகக் கிடக்கிறது.