ஐந்து நட்சத்திரம் கொடுத்த கை

என் கீழ்வரிசைப் பல் ஒன்று ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டுக் குளியலறையில் விழுந்தது. விழுந்ததை நான் பார்க்கவில்லை. வாயில் உப்புக் கரித்தது, நாக்கு போய்த் தடவியது, அங்கே பல் இல்லை. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு எண்பத்துநாலு வயதுப் பெரியவர். கையில் பித்தளைச் சொம்பு. அதை மறுபடியும் ஓங்கியிருந்தார். ஹோம் நர்ஸ் வேலைக்கு அந்த வீட்டுக்கு நான் போய் அன்று பதினோராம் நாள். அவரைப் போன்றவர்களைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தகுதி உண்டு என்று ஒரு சான்றிதழ் சொல்லியிருந்தது. அந்தச் சான்றிதழைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அடியைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவன். இருபத்திரண்டு வருஷம் கல்யாண சமையலில் இருந்தேன். ஒரு முகூர்த்த நாளில் கொதிக்கிற சாம்பார் அண்டா சரிந்து இடது கால் வெந்தது. அதற்குப் பிறகு அடுப்படியில் நாள் முழுக்க நிற்க முடியவில்லை. வயசானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிற ஒரு இடத்தில் போய்க் கேட்டேன். அங்கே சூப்பர்வைசர் ஒரு மலையாளி அம்மா, நன்றாகத் தமிழ் பேசுவாள். "கோர்ஸ் ஒண்ணு உண்டு சேட்டா. ஆன்லைன். வீட்ல இருந்து, உங்க சௌகரியத்துக்குப் படிச்சா மதி, அது போதும். சர்டிபிகேட் கொண்டு வாங்க, வேலை தரேன்" என்றாள்.

பன்னிரண்டு பாடம். என் மகள் தன் போனில் திறந்து கொடுத்தாள். தமிழில்தான் பேசியது, ஆனால் மனிதர் பேசுகிற தமிழ் இல்லை. படுக்கைப் புண் என்பதையும் மரணம் என்பதையும் ஒரே சந்தோஷத்தோடு சொன்னது. நோயாளியாக நடித்தவன் முப்பது வயசுக்காரன், தலையில் பவுடர் போட்டிருந்தார்கள். அவனைத் திருப்பினால் திரும்பினான், குளிப்பாட்டினால் சிரித்தான். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி வரும். தப்பாகச் சொன்னால் சிவப்பு. மறுபடி அழுத்தலாம், பச்சை வரும்வரை எத்தனை தடவையும் அழுத்தலாம். ஒரு கேள்வி நன்றாக ஞாபகம் இருக்கிறது. குளிப்பாட்டுவதற்கு முன் நோயாளியின் உடம்பிலிருந்து எதை அகற்ற வேண்டும்? கண்ணாடி, நகை, கயிறு, மேற்கூறிய அனைத்தும். நான் முதல் தடவையிலேயே அனைத்தும் என்று அழுத்தினேன். பச்சை வந்தது. பெருமையாக இருந்தது.

ஒன்பதாம் பாடம் ஓடும்போது பூஜை வேளை வந்துவிட்டது. போனை விளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு மணியடித்து நைவேத்தியம் பண்ணினேன். திரும்பி வந்தபோது பாடம் முடிந்து, பார்த்தாயிற்று என்று அதுவே எழுதியிருந்தது. நான் அதை மறுத்துச் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும், மதிப்பீடு கொடுத்தால்தான் சான்றிதழ் இறங்கும் என்றது. ஐந்து நட்சத்திரம் காலியாக நின்றன.

"எத்தனை குடுக்கணும்ப்பா?" என்றாள் மகள்.

"அஞ்சும் குடு. படிச்சுக் குடுத்த எடத்துக்குக் கொறச்சல் வெக்கப்படாது."

"அது மிஷின்ப்பா. கேக்கறதே நெஜமா சொல்லத்தான்."

"மிஷின்னாலும் நமக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்துடுத்தே. இங்க கொண்டா." நானே வலது கைக் கட்டைவிரலால் கடைசி நட்சத்திரத்தை அழுத்தினேன். ஒரு நோயாளியைக்கூடத் தொட்டதில்லை அப்போது. கடையில் அச்சடித்து, லேமினேட் பண்ணி, ஸ்வாமி முன்னால் வைத்துக் குங்குமம் தொட்டேன்.

பெரியவர் பொதுமராமத்து இலாகாவில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். மனைவி இல்லை. ஒரே மகன், மாடியில் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பார். வயசு ஐம்பது இருக்கும். முதல் நாளே என்னிடம் சொன்னார்: "அண்ணா, அப்பா ஆபீஸ்ல ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாத்தையும் சேர்த்து வெச்சு இப்போ குடுக்கறார். வாங்கிக்கோங்கோ."

வாங்கினேன். முதல் நாள் கைத்தடியால் முழங்கையில். இரண்டாம் நாள் வெந்நீர் டம்ளர் முகத்தில். 'கள்ளன், கள்ளன்' என்று தெருவரைக்கும் கேட்கும்படி கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் என்னை நிறுத்தி, "என்ன ஓய், இன்னிக்கு எத்தனை?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. மகன் அவருக்கு எப்போதும் இறுக்கமான பனியன் போட்டு வைத்திருப்பார். அந்தப் பனியனுக்கு மேல் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருப்பார், பிறகு வலது காதைத் தடவுவார். காதில் ஏதோ தொந்தரவு என்று நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன். சொட்டு மருந்து வந்தது. அதை விடப் போய்த்தான் என் மணிக்கட்டைக் கடித்தார். தழும்பு இன்னும் இருக்கிறது.

ஒரு நாள் குளித்து முடித்ததும் நெற்றியில் விபூதி இட்டுவிட்டேன். கொஞ்சநேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக இருந்தார். அந்த நேரம் பார்த்துச் சூப்பர்வைசர் வந்தாள். விபூதி கண்ணில் விழும் என்று கோபித்துக்கொண்டாள். "சேட்டா, இது பூஜாமுறி, பூஜை ரூம் அல்ல. அவர் பேஷண்டாக்கும். கோர்ஸ்ல சொன்னது மட்டும் செய்தா மதி." பனியனைத் தூக்கிப் பார்த்து, "இந்த நூலும் எத்தனை அழுக்கு. இன்ஃபெக்‌ஷன் வரும்" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நூல் மஞ்சளாகி, ஈரத்தில் நாறிக்கொண்டிருந்தது.

பதினோராம் நாள் அந்தப் பூணூலைக் கழற்றப் பார்த்தேன். முடிச்சு தோளில் சிக்கிக்கொண்டது. நகம் வெட்டுகிற கத்திரிக்கோல் அலமாரியில் இருந்தது. புதுசு போட்டுக்கொண்டுதான் பழையதை எடுக்க வேண்டும் என்பது ஏழு வயசிலிருந்து எனக்குத் தெரியும். என் மார்பிலேயே ஒன்று கிடக்கிறது. ஆனாலும் அந்த நிமிஷம் நான் பச்சை வாங்கின பதிலைத்தான் நினைத்தேன். சாயங்காலம் புதுசு வாங்கிப் போட்டுவிடலாம் என்று வெட்டினேன். வெட்டிய நூலை வேஷ்டி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சோப்புப் போட்டேன். அவர் கை நெஞ்சுக்குப் போயிற்று. தேடியது. வயிற்றில் தேடியது, முதுகில் தேடியது. காதுக்குப் போயிற்று, அங்கேயும் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். நான் சட்டை இல்லாமல், மார்பில் பூணூலோடு நின்றிருந்தேன்.

"கள்ளா. குடுடா என்னுதை."

சொம்பு என் தாடையில் இறங்கியது. பல் போனது அப்போதுதான். இரண்டாம் தடவை ஓங்கியதைத் தட்டிவிட்டேன். சொம்பு சுவரில் போய் மோதியது. அவர் எழுந்து என் பூணூலைப் பிடித்து, கையில் சுற்றி இழுத்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மூன்று இழையும் கழுத்தை அறுத்தன. மூச்சு வரவில்லை. கண்ணில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. என் வலது கை எழுந்து அவர் கன்னத்தில் அறைந்தது. பிடி விட்டது. அவர் நாற்காலியில் விழுந்தார்.

அதோடு நின்றிருக்க வேண்டும். விழுந்தவரை இன்னொரு தடவை அறைந்தேன்.

சத்தம் கேட்டு மகன் ஓடி வந்தார். என் வாயில் ரத்தத்தையும் கழுத்தில் நூல் அறுத்த தடத்தையும் பார்த்தார். வேறொன்றும் கேட்கவில்லை. ஈரத் துண்டை முறுக்கி அப்பாவின் முதுகில் அடித்தார். எத்தனை அடி என்று எண்ணவில்லை. பெரியவர் தலையைக் கைகளுக்குள் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி முனகினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். தடுக்கவில்லை.

"போதும்" என்றார் மகன், மூச்சு வாங்க. "நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரச் சொல்லிடறேன்." டவுனுக்கு வெளியே, இரும்புக் கேட் போட்ட ஒரு இடத்தைப் பற்றி முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறார். அடிக்கிற ஆட்களைக் கட்டிலில் கையைக் கட்டித்தான் போடுவார்களாம். போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று அவர் சாப்பிடவில்லை.

வீட்டில் என் மனைவி உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். "யாருன்னா இப்பிடி அடிச்சா?"

"அந்த மாமாதான்."

அது உண்மைதான். பாதி உண்மை. இடுப்பிலிருந்த ஈர நூலை அவள் பார்க்காமல் எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டேன். சந்தியாவந்தனத்துக்கு உட்கார்ந்தேன், பாதியில் எழுந்துவிட்டேன். மகளைக் கூப்பிட்டு ஒன்பதாம் பாடத்தைப் போடச் சொன்னேன். முரட்டு நடத்தை என்று அதற்குப் பேர். நாலு நிமிஷம். அமைதியாக இருங்கள், புன்னகையுங்கள், ஆபத்தான பொருட்களை அகற்றுங்கள். பவுடர் போட்ட அந்த ஆள் ஒரு தலையணையை மெதுவாகத் தள்ளினான். முரடு என்றால் அவ்வளவுதான். பூஜையை விட்டுவிட்டுப் பார்த்திருந்தாலும் எனக்கு அதில் ஒன்றும் கிடைத்திருக்காது.

"அந்த நட்சத்திரத்தை மாத்திக் குடும்மா."

மகள் தட்டிப் பார்த்தாள். "மாத்த முடியாதாம்ப்பா. முன்னாடியே பதிஞ்சாச்சு, நன்றின்னு வரது."

எழுந்து கொல்லைப்புறம் ஒன்றுக்குப் போனேன். நடந்துகொண்டே என் கை பூணூலை எடுத்து வலது காதில் மாட்டியது. நான் மாட்டவில்லை, ஒன்றுக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிற வழக்கத்தில் கை தானாக மாட்டியது. அங்கேயே நின்றுவிட்டேன். நெஞ்சு, பிறகு காது. பதினோரு நாளும் அவர் என்னிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் போகணும் என்று. திட்டுவதைத் தவிரப் பேச்சு போய்விட்டது, மகன் பேர் போய்விட்டது, இது மட்டும் கையில் மிஞ்சியிருந்தது. பனியனுக்கு அடியில் அவருக்கு நூல் அகப்படவில்லை. டயப்பர் கட்டியிருக்கிறதே என்று நாங்களும் இருந்துவிட்டோம். நனைந்த பிறகு வருகிற அவமானத்தில் அடித்தார். நான் காதில் மருந்து விட்டேன். கடைசியில் நூலையே வெட்டினேன்.

மறுநாள் கோயில் குளத்தில் முழுகி, வராகமூர்த்தியை நமஸ்காரம் பண்ணி, ஒரு புதுப் பூணூலும் வாங்கிக்கொண்டு ஒன்பது மணிக்கே போனேன். மகன் வாசலில் பையோடு நின்றிருந்தார். வெட்டிய நூலை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னது இது?"

"அப்பாவோட பூணூல். குளிப்பாட்டறச்சே நான்தான் வெட்டினேன். அதுக்கப்புறம்தான் அடிச்சார்."

"ஒரு நூலுக்கா இத்தனை?"

காதைத் தொட்டுக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மகன் மார்பில் பூணூல் இல்லை, ஆணியில் தொங்குகிறது என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு இன்னொன்றும் சொன்னேன். "நானும் அவரை அடிச்சேன். ரெண்டு. மொதல் அடி கழுத்தை விடுவிக்க. ரெண்டாவது கோவத்துல."

என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாத்தினார். பின்னந்தலை இடித்தது. முஷ்டியைத் தூக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"நேத்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். "நான் துண்டால அடிச்சேனே."

உள்ளே பெரியவரின் இரண்டு கைகளும் நாற்காலியில் துண்டால் கட்டப்பட்டிருந்தன. மணிக்கட்டு சிவந்திருந்தது. அவிழ்த்தோம். அவிழ்த்த உடனே மகனின் முகத்தில் ஒன்று வைத்தார். மகன் நகரவில்லை. பனியனைக் கழற்றி, மந்திரம் சொல்லி, நான் புது நூலைத் தலைவழியாகப் போட்டேன். பாதி மந்திரத்தில் என் நெஞ்சில் குத்தினார். மீதியைச் சொல்லி முடித்தேன். விரல்கள் நூலைக் கண்டுபிடித்தன. மேலும் கீழும் உருவிப் பார்த்துக்கொண்டார்.

கால்மணி நேரம் மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். வாசலில் வண்டிக்காரன் ஹார்ன் அடித்தான். பெரியவர் நூலை எடுத்து வலது காதில் சுற்றிக்கொண்டு எழுந்து நின்றார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனோம். போனார். வேஷ்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

மகன் வெளியே போய், "வேண்டாம் சேட்டா, இப்போ இல்ல" என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

சூப்பர்வைசரிடமும் இரண்டு அடியையும் சொன்னேன். "பேஷண்டை அடிச்ச ஆளை அந்த வீட்டுக்கு இனி விட எனக்குப் பற்றாது, முடியாது சேட்டா" என்றாள். இப்போது துணி இஸ்திரி போடுகிற கடையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். எனக்குப் பதிலாகப் போகிறவருக்கு என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்தேன். பனியன் வேண்டாம், முன்பக்கம் திறந்த சட்டை போதும், கை காதுக்குப் போனால் உடனே எழுப்ப வேண்டும் என்று. அடியில் அந்தப் படிப்புக்கு என் மதிப்பீட்டையும் எழுதினேன். மூன்றாம் பாடம், ஆளைப் படுக்கையில் திருப்புவது, உண்மையிலேயே நல்ல பாடம். என் முதுகைக் காப்பாற்றியது. ஐந்தாம் பாடத்தில் எதையெல்லாம் அகற்றலாம் என்று இருக்கிறது, எதை அகற்றக் கூடாது என்று வீட்டாரிடம் கேட்கச் சொல்லி ஒரு வரி இல்லை. ஒன்பதாம் பாடத்தை எடுத்தவர்கள் யாரும் அடி வாங்கினதில்லை. தப்பாகச் சொன்னவனைப் பச்சை வரும்வரை அழுத்திக்கொண்டே போக விடக்கூடாது. நான் கொடுத்த ஐந்தும் பார்க்காமல் கொடுத்தது. சூப்பர்வைசர் அதைப் போட்டோ எடுத்து அந்தப் படிப்பை நடத்துகிறவர்களுக்கு அனுப்பினாள். பதில் இதுவரை வரவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே அந்தத் தாளைப் படித்துக் காட்டுகிறாளாம்.

போன வாரம் மகன் கூப்பிட்டார். "இப்பவும் இட்லி குடுத்தா அடிக்கறார் அண்ணா. ஆனா பாத்ரூம்ல அடிக்கறதில்லை. கையைக் கட்டறதில்லை."

சான்றிதழை ஸ்வாமி முன்னாலிருந்து எடுத்துவிட்டேன். தினமும் விளக்கேற்றி மன்னிப்புக் கேட்கிறேன். முதல் அடியைப் பற்றி நான் பேசுவதில்லை. இரண்டாவதை மட்டும் சொல்லி, எந்தக் கை என்றும் சொல்லிக் கேட்கிறேன்.