லொரெட்டாவும் ஐந்து தேனீக்களும்

காலை ஆறரை மணிக்கு ஓர்வில் டகெட் தன் தோட்டத்தில் முழங்காலிட்டு, ஒரு கஞ்சாச் செடியின் கணுவைப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளை மயிர் இரண்டு தெரிந்தால் பெண் செடி. பச்சை உருண்டை தொங்கினால் ஆண். மருந்தாகும் மொட்டு பெண்ணில்தான், அதனால் பெண்ணுக்குத் தண்ணீர். ஆணைப் பிடுங்குவதற்கு முன் தொப்பியைக் கழற்றி, "மன்னிச்சுக்கப்பா, தப்பான வீட்டுல பொறந்துட்ட" என்பார்.

வயது எழுபத்திரண்டு. முப்பத்தொரு வருடம் ஓரிகன் மலைச்சாலைகளில் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். அந்த வேலை கொடுத்த இடுப்பு வலிக்காகத்தான் இந்த வளர்ப்பு. எங்கள் மாநிலத்தில் வீட்டுக்கு நான்கு செடி வைத்துக்கொள்ளலாம்; நான்குக்கு மேல் அவர் ஒரு இலைகூட ஆசைப்பட்டதில்லை. மொட்டுகளை வெண்ணெயில் காய்ச்சி பிஸ்கட் செய்கிறார். சாயங்காலம் பாதி பிஸ்கட் தின்றால் மறுநாள் முழங்காலிட முடியும்.

நான்கு செடிகளைச் சுற்றி அவர் நட்டிருப்பதைப் பார்த்தால் எது பயிர், எது வேலி என்று குழம்பிப்போகும். தக்காளிக்கு நடுவே செண்டுப்பூ, பீன்ஸ் பந்தலின் காலடியில் லாவெண்டர், தெருவிலிருந்து பார்வையை மறைக்க இரண்டு வரிசை சூரியகாந்தி. எல்லாம் பூச்சிகளுக்காக. அசுவினிக்குக்கூட மருந்து அடிக்கமாட்டார். "அதைத் தின்னுற பொறிவண்டுக்குப் பசிக்காதா?" என்று கேட்பார்.

செடிகளுக்கு அவர் வைக்கும் பெயர்கள், லாரி ஓட்டிய காலத்தில் வண்டியிலிருந்த பேசும் ரேடியோவில் 'சீக்கிரம்' என்று அவரை விரட்டிய அலுவலகப் பெண்களுடையவை. இந்த வருடம் பெக்கி, நோர்மா, ஐடா, லொரெட்டா. ஜூலைக் கடைசியில் ஒரு காலை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள வேலிக்கு மேல் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஒரு சேதி. லொரெட்டா ஆம்பளை!"

வழக்கம்போலப் பிடுங்கியிருப்பார். ஆனால் அப்போது காட்டுத்தீயின் புகை இரண்டு வாரமாகப் பள்ளத்தாக்கை மூடியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. சூரியகாந்திகள் கருகித் தலை கவிழ்ந்தன. நான் இரண்டு பெட்டிகளில் தேனீ வளர்க்கிறேன். அவை போக இடமில்லாமல் லொரெட்டாவின் மேல் வந்து மொய்த்தன. கஞ்சாப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதையே கால் நிறைய உருட்டிக்கொண்டு போயின.

"சாப்பிட்டுட்டு இருக்கிறப்ப தட்டைப் பிடுங்குறதா?" என்றார் ஓர்வில்.

மூன்று வீடு தள்ளி இருக்கும் டெரல் கூச்சல் போட்டுக்கொண்டே வந்தான். லொரெட்டாவின் மகரந்தம் காற்றில் பறந்தால் அவன் செடிகளிலும் விதை பிடித்துவிடும், மொட்டு வீணாகிவிடும். அவன் மனைவியின் மூட்டுவலிக்கும் அதுதான் மருந்து.

"யோவ் பெருசு, உமக்குத் தேனீ முக்கியமா, என் பொண்டாட்டி முக்கியமா?"

"ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்யா. நாளைக்கு வரைக்கும் டைம் கொடு."

மலைக்கு அந்தப் பக்கம், அவருடன் லாரி ஓட்டிய ஹோலிஸ் பூசணி போட்டிருக்கிறார். அங்கே அக்கம்பக்கத்தில் யாரும் கஞ்சா வளர்ப்பதில்லை. அவரும் தேனீ வளர்க்கிறார்; பூசணிப் பூக்கள் வாடிப்போய் அவையும் பசியில் கிடந்தன. அங்கே கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று மறுநாள் காலை லொரெட்டாவை வேரோடு எடுத்துத் தொட்டியில் வைத்து, ஈரப் படுக்கை விரிப்பால் சுற்றினோம். தொட்டி என் கால்களுக்கு நடுவே. "கண்ணாடிய ஏத்திக்கிட்டே போங்க, மகரந்தம் வெளிய பறக்கக் கூடாது" என்று டெரல் தன் வீட்டு வாசல்வரை வண்டியோடு கூடவே நடந்து வந்து வழியனுப்பினான். ஓர்விலின் பழைய வண்டியில் ஏசி வேலை செய்து பத்து வருடமாகிறது. வெந்தோம்.

இருபது மைல் தாண்டியதும் விரிப்புக்குள்ளிருந்து ஒரு தேனீ வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் ஐந்து. ஓர்வில் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"இதுங்க உன் வீட்டுப் பொண்ணுங்க. அங்க கொண்டு போய் விட்டா வழி தெரியாம அலையும்."

"ஓர்வில், என்கிட்ட நாப்பதாயிரம் இருக்கு. அஞ்சு போனா போகட்டும்."

"அது உனக்குத் தெரியும். அதுங்க அஞ்சுக்கும் தெரியுமா?"

வண்டியைத் திருப்பினார். தேனீக்கள் கண்ணாடியில் மோதிவிடக் கூடாதென்று முப்பது மைல் வேகத்தில் உருட்டினார். மலைச்சரிவில் லாரியைப் பறக்கவிட்டு மூன்று முறை அபராதம் கட்டிய மனிதர்! பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஒலி எழுப்பின. கடைசியில் போலீஸ் விளக்கும் சுழன்றது.

இளம்பெண் அதிகாரி. ஓர்வில் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"சார், ஐம்பத்தஞ்சுல போற ரோடு இது. உடம்பு சரியில்லையா?"

"உள்ள தேனீ பறக்குதும்மா. அதுங்களை வீட்டுல விடப் போறோம்."

அவள் குனிந்து என் காலடியைப் பார்த்தாள். "அந்தத் துணிக்குள்ள யாரு?"

"லொரெட்டா. ஆம்பளை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கி, "ஓரமா போங்க" என்று விட்டுவிட்டாள்.

என் தேனீப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, காப்பி வாங்கிய காகிதக் கோப்பையால் ஒவ்வொரு தேனீயாக மூடிப் பிடித்தார். அடியில் ஓட்டுநர் உரிம அட்டையைச் செருகி, ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே விட்டார். அரை மணி நேரம் ஆயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. ஐந்தாவது பறந்ததும் ஒரு பெருமூச்சு விட்டு, இடுப்பைப் பிடித்தபடி மறுபடி வண்டியை எடுத்தார். டெரல் வாசலில் நின்று கையை விரித்தான். "இன்னுமாய்யா போகல?"

இந்த முறை வேகமாகவே போனோம். ஓர்வில் சீட்டியடித்தார். பூசணி வயலில் லொரெட்டாவை எந்த மூலையில் நடுவது என்று திட்டம் போட்டார். மலையுச்சிக்கு இன்னும் இரண்டு மைல்தான். விரிப்பின் மடிப்பு ஒன்று லேசாக அசைந்தது. ஒரு தேனீ தலையை நீட்டி, மீசையைத் துடைத்துக்கொண்டது.

நான் மெல்ல உள்ளங்கையால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டு வெளியே மரங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஓர்வில் சீட்டியை நிறுத்தினார். என் கையை ஓரக்கண்ணால் பார்த்தார். பின்பக்கக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். வண்டியைத் திருப்புவதற்கு இடப்பக்க விளக்கைப் போட்டார்.