பாம்புக்குச் சொன்ன மந்திரம்

எண்பத்தெட்டாம் ஆண்டு கோடையில் நான் செய்த வேலையை வீட்டாருக்கு இன்னும் சொன்னதில்லை. லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் கூடாரம் அடித்திருந்த அமெரிக்க வேடிக்கைக் காட்சி ஒன்றில், கழுத்தில் மலைப்பாம்புடன் நின்ற 'இந்திய நாகராணி' நான்தான். யாழ்ப்பாணத்தாள் என்று நான் சொன்னதை முதலாளி காதில் வாங்கவே இல்லை.

கடித்துவிடாமல் இருக்கப் பாம்பின் வாயை நிறமில்லாத டேப்பால் ஒட்டியிருந்தார்கள். இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே பாம்பைக் கழுத்தில் சுமந்தேன். மூன்றாம் நாள், பத்திரிகைக்காரர்கள் முன்னால் மைக்கைத் தந்து, "உன் பாஷையில் ஒரு மந்திரம் சொல்லு" என்றார் முதலாளி.

"இந்தப் பாம்பின்ர வாயை டேப் போட்டு ஒட்டியிருக்கினம். ஆருக்காவது விளங்குதோ?" என்று ராகம் போட்டுச் சொன்னேன். சனம் மந்திரமென்று நம்பிக் கைதட்டியது.

பின்வரிசையில் விமான நிலையச் சீருடையில் இருந்த ஒருவர் எழுந்து, எங்கள் ஊர்த் தமிழிலேயே பதில் சொன்னார். "ஓம் தங்கச்சி, விளங்குது! கழட்டிவிடுங்கோ, நான் நிக்கிறன்."

எல்லோர் கண் முன்னும் டேப்பை மெல்ல உரித்தேன். கமராக்கள் மின்னின. பாம்பு கடிக்கவில்லை, முதலாளிதான் சீறினார்.

வேலை அன்றே போயிற்று. போகட்டும். இன்றும் யாராவது "உன் மொழியில் ஏதாவது சொல்லு" என்று வேடிக்கைக்குக் கேட்டால், உள்ளதைத்தான் சொல்கிறேன். விளங்குகிற ஒருவர் எங்காவது நிற்பார்.