பீரோ மேல் இருந்த சக்கரம்

பட்டாசை எங்கள் பக்கத்தில் விலை பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு. கம்பெனி பார்த்துத்தான் வாங்குவார்கள். வீட்டில் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போவார். அந்தப் பெயர் போட்ட பெட்டிதான் வீட்டுக்குள் வரும். விலையை ஒப்பிட்டு வாங்குங்கள் என்று தீபாவளிக்குத் தீபாவளி பத்திரிகையில் எழுதுகிறவன் நான். என் வீட்டிலேயே அது எடுபட்டதில்லை.

அம்மா விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் கையால் தரைச்சக்கரம் சுற்றி ஒட்டுகிறாள். தலைதீபாவளிக்கு நான் கிளம்பியபோது, அவள் கம்பெனிச் சக்கரம் பத்து அடங்கிய ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

“பூராவும் நான் சுத்துனதுலே. அவுக வாசல்ல விட்டுட்டு, எப்படிச் சுத்துச்சுன்னு ஒங்க அத்தை என்ன சொல்றாகன்னு கேட்டுட்டு வா.”

பத்தும் அவள் சுற்றியதாக இருக்க வழியில்லை. அவளோடு இன்னும் நிறையப் பேர் சுற்றுகிறார்கள். இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

மாமியார் வீடு ஏழாயிரம்பண்ணை. அத்தையும் சக்கரம் சுற்றுகிறவர்தான், வேறு கம்பெனியில். “வாங்க மாப்ள” என்று சிரித்தபடி வந்தவர் பெட்டியின் லேபிளைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பெட்டி பீரோ மேல் போய்விட்டது. தீபாவளியன்று பகல் முழுக்க வாசலில் வெடித்ததெல்லாம் அத்தையின் கம்பெனி சரக்கு.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா போன் செய்தாள். “விட்டாச்சால?”

“இனிமேதாம்மா.”

“காலையிலயும் இதத்தான சொன்ன.”

போனை வைத்த பிறகு மனைவி தன் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: “அங்கன ஒருத்தக போனும் கையுமா உக்காந்திருக்காக. ஒண்ணே ஒண்ணு விட்டா ஒங்க கம்பெனி மூடிறுமாக்கும்?”

அத்தை நாற்காலியைப் போட்டு ஏறிப் பெட்டியை எடுத்தார். ஒரு சக்கரத்தைக் கையில் வைத்து, பசை ஒட்டிய ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். தன் கம்பெனிச் சக்கரம் ஒன்றையும் எடுத்து, இரண்டையும் சிமெண்டுத் தரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பற்றவைத்தார்.

இரண்டும் நன்றாகவே சுற்றின. அத்தையின் சக்கரம் நின்ற பிறகும் அம்மாவின் சக்கரம் இரண்டு மூன்று சுற்று கூடுதலாகப் போனது.

“நம்ம சக்கரம் சுத்துன பக்கம் தரை ஈரம்” என்றார் அத்தை. என் போனை வாங்கி அவரே அம்மாவிடம் பேசினார். “மதினி, ஒங்க சக்கரம் நல்லாத்தான் சுத்துது. பெட்டிதான் பாக்கச் சகிக்கல.”

“பெட்டிய நாங்களா அடிக்கோம்? அது பிரஸ்காரன் வேலை” என்று அம்மா சொன்னது எனக்கும் கேட்டது. குரலில் அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் கிளம்பும்போது அத்தை தன் கம்பெனிச் சக்கரம் பத்து அடங்கிய பெட்டி ஒன்றை என் பையில் வைத்தார். “ஒண்ணு மட்டும் விட்டுப் பாக்கச் சொல்லுங்க மாப்ள. காஞ்ச தரையில.”

அம்மா லேபிளைப் பார்த்தாள். பெட்டியை எங்கள் வீட்டு பீரோ மேல் வைத்தாள்.

கார்த்திகைக்கு மறுநாள் ஏதோ தேடப்போய் அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஒன்பதுதான் இருந்தன.

எலி என்றாள் அம்மா.