சீர்த்தட்டில் வந்த குழாய்

எங்கள் ஊர் ஆற்றுக்கு அப்போது நாளுக்கொரு நிறம். மேற்கே இருந்த சாயப்பட்டறைகளில் என்ன நிறம் முக்குகிறார்களோ, அந்த நிறத்தில் தண்ணீர் வரும். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. நாளைக்கு என்ன நிறம் என்று பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டுவோம். நான் எப்போதும் சிவப்புக்குத்தான் கட்டுவேன், அடிக்கடி ஜெயிப்பேன். ஜெயித்த பெருமையோடு வீட்டுக்கு ஓடிவந்து சொன்னால் அம்மா ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறாள் என்று புரியாது.

ஆற்றில் ஓடியது மெல்ல மண்ணுக்குள் இறங்கி ஊர்க் கிணறுகளுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. டீ வைத்தால் பால் திரிந்துபோகும். பஞ்சாயத்து லாரி தண்ணீர் கொண்டுவரும். வராத நாளில் அதே கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்போம். எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு. எங்கள் ஊரில் அந்த வழக்கமே நின்றுபோயிற்று. விருந்தாளிகள் கையோடு பாட்டில் கொண்டுவந்தார்கள். அவர்கள் பையிலிருந்து அதை எடுக்கும்போது அம்மா ஏதோ வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விடுவாள்.

என் தம்பிக்கு அப்போது இரண்டு வயது. எப்போதும் வயிற்றுப்போக்கு. வளர வேண்டிய பிள்ளை இளைத்துக்கொண்டே போனான். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் தண்ணீரை மாற்றச் சொல்லிவிட்டார். தண்ணீரை மாற்ற வேண்டுமென்றால் ஊரை மாற்ற வேண்டும். அப்பா நிலத்தை யாருக்காவது தள்ளிவிட்டு டவுனுக்குப் போய்விடலாம் என்று பேச ஆரம்பித்தார். எனக்கு ஒரே குஷி. டவுனில் தினமும் பரோட்டா சாப்பிடலாம் என்று செல்வியிடம் சொன்னேன். செல்வி என் வகுப்பு. அவள் அம்மா எங்கள் காட்டில் களை எடுக்க வருகிறவர். நீங்க போயிருவீங்க, நாங்க எங்க போறது என்று அவள் கேட்டாள். நீயும் வா என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் காதுகுத்து வைத்தார்கள். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வீட்டிலிருந்து மேளத்தோடு தட்டுத் தட்டாகச் சீர் வரும். என் மாமன், அம்மாவுக்கு ஒரே அண்ணன், என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லாதவர். ஆகவே வெள்ளிக் கொலுசும் சிவப்பு சைக்கிளும் வரப்போகின்றன என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

நாள் குறித்துச் சொல்ல மாமன் வந்திருந்தபோது நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணா, இவளுக்கு நகை நட்டு ஒண்ணும் போட வேண்டாமுங்க. கெணத்துல உங்க முறையில ஒண்ணை எங்கூருக்குக் குடுத்துப்போடுங்க" என்றாள். நகை நட்டு வேண்டாம் என்றதற்கு மேல் என் காதில் ஒன்றும் விழவில்லை. பின்னால் நடந்த பேச்சை நான் பெரியவளான பிறகு அம்மாவே சொன்னாள்.

மாமன் ஊர் ஆற்றைவிட்டு விலகி மேட்டில் இருந்தது. சாயம் ஏறாத கிணறு. ஆனால் அது மாமனுக்கு மட்டும் சொந்தமில்லை. அவரும் இரண்டு பங்காளிகளும் முறை வைத்து மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சினார்கள். வாரத்தில் தனக்கு வருகிற முறைகளில் ஒன்றைத்தான் அம்மா கேட்கிறாள் என்று மாமனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்றாம்.

"சும்மா கேட்டாலே குடுப்பனே அம்மணி. சீருன்னு எதுக்குக் கேக்கறே?"

"சும்மா குடுத்தா ஒரு நாளைக்கு நிறுத்திப்போடலாமுங்க. பங்காளிக சண்டைக்கு வரலாம், மழை இல்லாமப் போகலாம். சீராக் குடுத்துட்டா யாரும் நிறுத்த முடியாதுங்களே."

மாமன் சிரித்துவிட்டு, அண்ணன் மேல் அத்தனை நம்பிக்கையா என்றாராம். அப்புறம் தம்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அவன் இளைத்த கையைத் தடவியபடி சரி என்றாராம்.

காதுகுத்து நாளில் பஸ் ஸ்டாப்பிலிருந்து மேளம் கேட்டது. நான் பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். தேங்காய், பழம், வெல்லம், புதுத்துணி என்று வரிசையாகத் தட்டுகள். நடுத்தட்டில் மாமன் தானே சுமந்து வந்தது, ஒரு முழ நீளத்துக்கு அறுத்த பிவிசி குழாய். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பூச்சுற்றியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீர். ஊரே சிரித்தது. கொலுசும் இல்லை, சைக்கிளும் இல்லை. காதில் போட ஒரு பொட்டுத் தோடு மட்டும் இருந்தது. செல்வி கூட்டத்தில் நிற்பதைப் பார்த்ததும் எனக்கு மானம் போயிற்று. மாமன் மடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "இன்னும் குத்தவே இல்லையே கண்ணு" என்று ஊசியோடு குனிந்திருந்த ஆசாரி திகைத்துப்போனார்.

சீர் என்று சபையில் வைத்த பிறகு மாமனின் பங்காளிகள் வாய் திறக்கவில்லை. தங்கை மகளுக்குக் கொடுத்த சீரைத் தடுத்தார்கள் என்ற பேரை யார் வாங்கிக்கொள்வார்கள்? தோட்டங்களுக்கு மைல்கணக்கில் குழாய் பதித்துப் பழகிய ஊர்கள் எங்களுடையவை. இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து வண்டித்தடத்தின் ஓரமாகக் குழி வெட்டிக் குழாயைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். அப்புறம்தான் தொட்டியை எங்கே கட்டுவது என்ற பேச்சு வந்தது. எங்கள் தெரு வளவில், எங்கள் வாசலுக்கு நேராக என்றார் பெரியப்பா. செல்வியின் தெருக்காரர்கள் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் கூப்பிட்டு, "சீரு உனக்கு வந்தது கண்ணு. தண்ணி உன்றது. எங்க கட்டறதுன்னு நீயே சொல்லு" என்றாள்.

எனக்கு அப்போதும் கோபம் ஆறவில்லை. ஆனால் எல்லாப் பெரியவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது நன்றாகத்தான் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் கட்டலாம் என்றேன். அது இரண்டு தெருவுக்கும் நடுவில் இருந்தது. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் செல்வியோடு விளையாடலாம் என்பதுதான் என் கணக்கு. பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, அது பிள்ளைக்கு வந்த சீர் என்பதால் மென்று முழுங்கிக்கொண்டார்.

தண்ணீர் வந்த அன்று முதல் குடத்தை என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். அடுத்தது செல்வியின் அம்மா. அவர் குடத்தை வைக்கவில்லை. கையை ஏந்தி நின்றபடியே குடித்தார். குடித்துவிட்டு என் தலையில் ஈரக்கையை வைத்தார். அப்பா அதற்கப்புறம் டவுன் பேச்சை எடுக்கவில்லை. பரோட்டாக் கனவு போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தம்பி அந்தத் தண்ணீரில் தேறினான். இன்று ஆறடி உயரம் நிற்கிறான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் மாமனை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். கூட்டுக் குடிநீர் எங்கள் ஊருக்கு வந்து சேரும்வரை, நான் கல்லூரிக்குப் போன காலம்வரை, நடுவில் வந்த பஞ்சத்தில் கிணற்றுத் தண்ணீர் குறைந்து ஆளுக்கு வாரம் ஒரு முறைதான் என்று ஆனபோதும், எங்களுக்கு வரும் மாமன் முறை ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

அந்தப் பஞ்சத்தில் ஒரு அரைப்பரீட்சை லீவுக்கு மாமன் ஊருக்குப் போயிருந்தேன். எப்போதும் இடுப்பளவு மஞ்சள் நிற்கிற மேல்காடு வெறுமனே கிடந்தது. பங்காளிகளின் காட்டில் பச்சை இருந்தது. ஏன் மாமா நம்ம காட்டில் ஒன்றும் போடவில்லை என்று கேட்டேன். மாமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"உன்னையாட்ட அதுக்கும் லீவு உட்டிருக்குது கண்ணு. போய் வெளையாடு."

நானும் மாமன் பிள்ளைகளும் வெயில் தாழும்வரை அந்தக் காட்டில் ஓடிப்பிடித்து விளையாடினோம். இவ்வளவு பெரிய இடம் எங்கள் ஊரில் இல்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது, அடுத்த வருடமும் இதற்கு லீவு விடச் சொல்லி மாமனிடம் கெஞ்சினேன். அவர் சரி என்றார்.