பாக்கியம் பின்னாத தொப்பி

கோயிலில் என் மனைவி பாக்கியத்தைப் பொய்க்காரி என்றார்கள். அவள் பொய்க்காரி இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், தெரியாது என்று சொன்னேன்!

இதை எழுதப் பல வருடம் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், வைப்பேன்... அதிகம் படித்தவனில்லை நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றத்தைப் பொறுக்க வேண்டாம்.

தொழிற்சாலை இயந்திரத்தில் என் வலது கை விரல்கள் நசுங்கின. ஆபரேஷனுக்குப் பிறகு மடக்க முடியவில்லை. “விரலுக்கு வேலை கொடுங்க, கம்பளி பின்னினாலும் நல்லது” என்றார் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண். இந்த வயதிலா! ஆனாலும் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கைப்பேசியில் வீடியோ பார்த்துத் தொடங்கினேன். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவினால் கீழ் வரிசை வரை ஓட்டை விழும். பிரிப்பேன், மறுபடி பின்னுவேன். விரல் மடங்கியது. உங்களிடம் மறைப்பானேன்... அதில் ஆசையும் வந்துவிட்டது.

ஒருநாள் ஆயர் ஈத்தாம் பாசார் கடையில் கம்பளி நூல் வாங்கும்போது கோயில் நண்பர் மணியம் பிடித்துக்கொண்டார்.

“என்னண்ணே, பினாங்குல பனி கொட்டப் போவுதா? யாருக்கு இது?”

“வீட்டுக்காரிக்குத்தான் லா. அவ பின்னுறா.”

எத்தனை சுலபமாக வந்தது வாயில்! ஆம்பளை கையில் பின்னல் ஊசியா என்று சிரிப்பார்களே... அந்தப் பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

பேத்தியின் முப்பதாம் நாள் விருந்தில், குழந்தை தலையில் நான் பின்னிய மஞ்சள் தொப்பி. மணியம் சொல்லி வைத்திருந்தார் போல. எல்லாரும் பாக்கியத்தைப் புகழ்ந்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். எனக்காகச் சிரித்து வைத்தாள்.

கோயில் மாதர் பிரிவுத் தலைவி விடவில்லை. “அக்கா, வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் எங்களுக்கும் கத்துக்கொடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் பாக்கியம் கெஞ்சினாள். “இப்பவாச்சும் உண்மையைச் சொல்லிருங்க. கோயில்ல வச்சு என்னால முடியாதுங்க.”

“ஒரு நாள் சமாளி லா” என்றேன். சமையலறையில் உட்கார வைத்துப் பின்னக் கற்றுக்கொடுத்தேன். அம்மனுக்கு மாலை கட்டும் விரல்கள் அவளுடையவை. பூ எடுத்தால் என்ன வேகம் தெரியுமா! ஊசியைக் கொடுத்ததும் விறைத்துப்போயின.

வெள்ளிக்கிழமை பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் ஓரமாகச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் நூலை ஊசியில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள்... முதல் கண்ணியே விழவில்லை.

“கடையில வாங்கின தொப்பிக்குத்தான் இவ்வளவு பெருமையா? அதுவும் அம்மன் முன்னால பொய்யாக்கா!” என்றார் தலைவி. யாரோ சிரித்தார்கள்.

பாக்கியம் குனிந்து நூலைச் சுருட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தாளோ...

பொங்கலுக்குக் கை நீட்டிய மணியம் கேட்டார். “என்னண்ணே, அக்கா இப்படிப் பண்ணிட்டாங்க?”

“எனக்கு ஒண்ணும் தெரியாது லா.”

கேட்டீர்களா? ஊமையாக நின்றிருந்தால் கோழை என்பதோடு போயிருக்கும். சன்னதியில் விளக்கு எரியும்போதே, வாய் திறந்து அவளைக் கைவிட்டேன்!

அதன் பிறகு அவள் அந்தக் கோயில் வாசலை மிதிக்கவே இல்லை. இப்போது வேறு யாரோ மாலை கட்டுகிறார்கள். நான் மட்டும் போகிறேன், கும்பிடுகிறேன், குங்குமம் வாங்கி வந்து அவளிடம் நீட்டுகிறேன். எந்தக் கையால் நீட்டுகிறேன்?

இன்னும் பின்னிக்கொண்டுதான் இருக்கிறேன். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் போதும், பாக்கியம் ஓடி வந்து நூலையும் ஊசியையும் என் மடியிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள்...

நீயே போய்ச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லத்தான் போனேன். தலைவி எதிரிலேயே வந்தார். “அக்கா சுகமாண்ணே?” என்றார். “சுகம்மா” என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். எழுதியபடியே சொல்லுங்கள். ‘பாவம், கூச்ச சுபாவம்’ என்று எனக்காக ஒரு சொல்லும் சேர்க்காதீர்கள். பாக்கியத்துக்குப் பின்னத் தெரியாது. தெரியும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

சொன்னது நான்.