கோமதியைத் தள்ளியது பேயல்ல

அன்று சஷ்டி. ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. தென்காசியில் என் வீட்டு வாசலில் பள்ளி ஆயா மாடத்தி மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"கோமதி டீச்சர் குத்தாலத்துல பாறையில விழுந்துட்டாவ. உசுரு அங்கனயே போயிட்டு. பேய்தான் தள்ளிட்டுன்னு சொல்லுதாவ."

எனக்கு அழுகை வரவில்லை. அன்று கோமதி பட்டினி என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

என்னைப் போல அவளோடு பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும் அவளிடம் படித்த பெண்களுக்கும் இதை எழுதுகிறேன். அவளை அடிக்கடி வாட்டிய ஒற்றைத் தலைவலியை நீங்கள் அறிவீர்கள். வலி வருமுன் கண்ணில் நெளிநெளியாக வெளிச்சம் ஓடும். பிறகு ஒரு பக்கப் பார்வை மறையும். ஒருநாள் கரும்பலகையின் வலப்பாதியை மட்டும் அழித்துவிட்டு, முழுவதும் அழித்ததாக எண்ணித் திரும்பினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இல்லாத வெளிச்சம் தெரிகிறதென்றால் பேய்தான் என்று ஊர் முடிவு கட்டியது. "பேய்னா ரெண்டு பக்கமும் அடிக்கும்லா அக்கா? இது ஒரு பக்கந்தான அடிக்குது" என்று அவளே கேலி செய்வாள்.

நான் பேயை நம்பவில்லை, படித்தவள் அல்லவா! மண்டைச் சூடு என்று நம்பினேன். ஆறு சஷ்டிக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் விரதமிருந்து, அருவியில் தலை நனைத்து, இலஞ்சி முருகனைக் கும்பிடுவதாக நேர்ந்துகொள்ளச் சொன்னவள் நான்தான்.

மூன்று சஷ்டி முடிந்தபின் ஒரு நோட்டோடு வந்தாள். வலி வந்த ஒவ்வொரு முறையும் அதற்கு முந்தி என்ன நடந்தது என்று எழுதி வைத்திருந்தாள்.

"அக்கா, தூக்கம் கெட்டா வருது. தாழம்பூ வாசத்துக்கு வருது. சாரல் விட்டு சுள்ளுன்னு வெயில் அடிச்சா வருது. பட்டினி கெடந்தா தவறாம வருது. மூணு சஷ்டிக்கும் வந்துட்டு. விரதத்தை விட்டுரட்டுமாக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. "சாமி காரியத்துல ஆராய்ச்சி பண்ணாத. ஆறையும் முடி" என்றேன்.

"சரிக்கா" என்று நோட்டை மூடிவிட்டாள்.

ஐந்தாவது சஷ்டியன்று காலைச் சாரல் விட்டு, அருவித் தண்ணீரில் வெயில் கண்ணைப் பறித்ததாம். "'எடது பக்கம் ஒண்ணும் தெரியலம்மா'ன்னா. கையப் பிடிக்கதுக்குள்ள போயிட்டா" என்று அவள் அம்மா என் கைகளைப் பற்றிக்கொண்டு அழுதார். "நீங்க எம்புட்டோ செஞ்சிய. அந்தப் பேய் விடலையே!"

துக்க வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம்தான் இதை எழுத வைக்கிறது. பேய் அவளைத் தொடவில்லை. வெயிலும் பசியும் அவள் பார்வையைப் பறித்தன. அந்தப் பசியை அவளுக்கு விதித்தவள் நான். காரணத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். என் ஒரு சொல்லுக்காகத்தான் காத்து நின்றாள்.

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்கிறாள்: "விட்டுரட்டுமாக்கா?" "விட்டுரு கோமதி, சாப்பிடு" என்று வாய்விட்டே சொல்கிறேன். இப்போது எனக்குத்தான் பேய் பிடித்திருக்கிறது என்கிறார்கள் வீட்டில்.